மீன்தொட்டிச் செடிகள் ஏன் வாடுகின்றன?

வீட்டு ஹோலில் ஒரு மீன்தொட்டி இருந்தால் பிள்ளைகளுக்குப் பெரும் மகிழ்ச்சி. பிளாஸ்ரிக் செடியை விட உயிர்ச்செடி அழகென்று காசு கொடுத்து வாங்கி நட்டு வைக்கிறோம். இரண்டு வாரத்தில் இலை மஞ்சளிக்கிறது, தண்டு அழுகுகிறது. "என் கைக்கு ராசியில்லை" என்று சொல்லிக்கொள்ளும் சகோதரிகள் உண்டு. ராசியில் ஒன்றுமில்லை. பெரும்பாலும் காரணம் தண்ணீரில்தான் இருக்கிறது.

உங்கள் கேத்தலின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் படை பிடித்திருந்தால் உங்கள் கிணற்று நீர் வன்னீர். அதில் சவர்க்காரமும் இலகுவில் நுரைக்காது. யாழ்ப்பாணக் குடாநாடு, மன்னார், புத்தளம் போன்ற சுண்ணாம்புக்கல் பகுதிகளில் இது சாதாரணம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டு வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. அவ்வாறு கரைந்து வருவது கல்சியம் இருகாபனேற்று. கொதிக்க வைத்ததும் வாயு பறந்துவிட, சுண்ணாம்பு கேத்தலில் படிகிறது. ஒரு லீற்றரில் கல்சியம் காபனேற்று அளவில் 60 மில்லிகிராமுக்குக் குறைந்தால் மென்னீர். 180ஐத் தாண்டினால் மிகுந்த வன்னீர்.

செடிக்குக் கல்சியம் பகையன்று, அதுவும் உணவே. ஆனால் செடியின் உலர் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு காபன். அதை அது காபனீரொட்சைட்டிலிருந்தே பெறவேண்டும். காற்றுப்பட்டு நிற்கும் நீரில் இவ்வாயு லீற்றருக்கு அரை மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும். போதாததற்கு, காற்றில் பரவுவதை விட நீரில் அது பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆகவே தொட்டிச் செடி எப்போதும் அரைப்பட்டினிதான்.

ஐதரில்லாவும் வலிஸ்நேரியாவும் கெட்டிக்காரச் செடிகள். வாயு தீர்ந்தால் இருகாபனேற்றிலிருந்தே காபனை எடுத்துக்கொள்ளும். அவற்றின் இலையில் சொரசொரப்பாகப் படியும் வெள்ளை நோயன்று, சுண்ணாம்பு. கபொம்பாவுக்கும் ஜாவா மொஸ்ஸுக்கும் அந்த வித்தை தெரியாது. வன்னீர்க் கிணறு உள்ள வீட்டில் கபொம்பாவுக்குச் செலவழிப்பதை விட வலிஸ்நேரியாவை நட்டுக் கப்பி மீன்களை விடுவது புத்திசாலித்தனம். கப்பிக்கு வன்னீர் நன்றாக ஒத்துவரும்.

சிலர் போத்தலில் சீனியும் ஈஸ்ட்டும் நீரும் கலந்து, குழாய் வழியே வாயுவைத் தொட்டிக்குள் விடுகிறார்கள். செடி செழிக்கும், உண்மை. ஆனால் இரவில் செடிகள் வாயுவை எடுப்பதில்லை, தாமும் வெளிவிடுகின்றன, ஈஸ்ட்டோ உறங்குவதில்லை. லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் சேர்ந்தால் மீன்களுக்கு ஆபத்து. சுபஹு வேளையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே குழாயை வெளியே எடுத்து, காற்றுப் பம்பைப் போடுங்கள். மென்னீரில் இன்னும் கவனம் வேண்டும்; இருகாபனேற்று குறைவாதலால் பீஎச் பெறுமானம் விரைவாகச் சரிந்துவிடும். குழாய் அடைபட்டால் போத்தலே வெடிக்கலாம். போத்தலில் மிஞ்சும் திரவத்தில் மதுசாரம் உண்டு. பார்வைக்குப் பானம் போலிருக்கும். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, முடிந்ததும் வடிகானில் ஊற்றிவிடுங்கள்.

வன்மையைக் குறைக்க எளிய வழி மழைநீர். முதல் மழையில் கூரை கழுவப்பட்ட பின் பிடித்த நீரைக் கிணற்று நீருடன் சரிபாதி கலந்தால் வன்மையும் ஏறக்குறைய பாதியாகும். ஒரே நாளில் மாற்றாமல், வாரந்தோறும் தொட்டியில் கால்வாசியாக மாற்றுங்கள். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் முருகைக்கல்லும் தொட்டிக்குள் கிடந்தால் அவை கரைந்து மறுபடி வன்மையைக் கூட்டும். சந்தேகமான கல்லில் ஒரு துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு.

நம் நாட்டுக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டி, ஓடைகளை நினைவூட்டும் அழகிய செடி. ஓரளவு வன்னீரையும் தாங்கும், மெதுவாக வளரும். நீர் திடீரென மாறினால் மட்டும் இலையெல்லாம் கூழாகக் கரைந்துவிடும். பதறிப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். கிழங்கு மண்ணுக்குள் உயிரோடிருக்கும். சில வாரங்களில் புதுத்தளிர் வரும்.