உங்களுக்குத் தெரியுமா? எல்ல தண்டவாளத்தில் இத்தனை கணக்கு!

தெமோதர நிலையத்தில் ஒரே ரயிலை இரண்டு தடவை பார்க்கலாம்! முதலில் மேடையில். பிறகு அதே மேடைக்கு அடியில், சுரங்கத்துக்குள்! எல்லயிலிருந்து பதுளைக்கு இறங்கும் கோச்சி, நிலையத்தை விட்டுக் கிளம்பி மலையை ஒரு சுற்றுச் சுற்றி, சற்று முன் தான் நின்ற இடத்துக்குக் கீழேயே நுழைந்து போகிறது. சுற்றின் நீளம் சுமார் 900 மீட்டர்!

ஏன் சுற்ற வேண்டும்? இந்தப் பாதையில் ஆகக் கூடிய சரிவு 44 அடிக்கு 1 அடிதான். மலையோ அதைவிடச் செங்குத்து! நேரே இறங்க வழியில்லை. பாதையின் நீளத்தைக் கூட்டினார்கள், சரிவு அடங்கியது!

இந்த யோசனை எங்கிருந்து வந்ததாம் தெரியுமா? பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர வழி தெரியாமல் நின்றாராம். பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டினாராம். அகப்பட்டது வழி! மலையகத்தில் இன்றும் சொல்லப்படும் கதை இது. நமக்குப் பெருமை தரும் கதை!

44க்கு 1 என்றால் சும்மாவா? 100 மீட்டர் நீள ரயில் அந்தச் சரிவில் இறங்கும்போது கடைசிப் பெட்டி எஞ்சினைவிட 2 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும். ஓர் ஆளின் உயரத்தைவிட அதிகம்!

வளைவுகளைக் கேளுங்கள். மிக இறுக்கமான வளைவின் ஆரம் வெறும் 100 மீட்டர்! 157 மீட்டர் ஓடினாலே செங்கோணம் திரும்பிவிடும். எஞ்சின் கிழக்கே பார்க்கும். வால் பெட்டி இன்னும் வடக்கே பார்க்கும்! ஜன்னலோரம் இருந்தபடியே உங்கள் எஞ்சினை நீங்களே படம் பிடிக்கலாம்!

இன்னொன்று. ரயில் ஒரு முழு வட்டம் அடித்தால் வெளித் தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிடச் சுமார் பத்தரை மீட்டர் நீளம்! வட்டம் சிறிதோ பெரிதோ, வித்தியாசம் மாறாது! ஆனால் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகிக் கிடக்கின்றன. ஒன்று மட்டும் வேகமாய் உருள முடியாது. அதனால்தான் சக்கர விளிம்பைச் சரிவாகச் சீவியிருக்கிறார்கள். இறுக்கமான வளைவில் அதுவும் போதாது. அங்கேதான் சக்கரம் "கிறீச்ச்" என்று கத்துகிறது!

வளைவுக்கென்றே எஞ்சினும் வந்தது! 1927இல் இலங்கைக்கு வந்த காரட் நீராவி எஞ்சினுக்குக் கொதிகலன் ஒன்று. சக்கரத் தொகுதிகள் இரண்டு, முன்னொன்று பின்னொன்று. தனித்தனியே திரும்பும்!

எல்லயின் ஒன்பது வளைவுப் பாலம் தெரியும். பாலமே வளைந்து நிற்பதைக் கவனித்தீர்களா? நீளம் 91 மீட்டர், உயரம் 24 மீட்டர்! சுவிட்சர்லாந்தின் புருசியோவிலும் வளைந்த ரயில் பாலம் ஒன்று உண்டு. திறந்தது 1908இல். அதற்கும் வளைவுகள் எத்தனை தெரியுமா? ஒன்பது!

ஆனால் புருசியோவில் ஓடுவது ஒடுங்கிய மீட்டர் பாதை. ஊட்டி மலை ரயிலும் அப்படியே. அதுவும் பல்சக்கரம் பிடித்துத்தான் ஏறுகிறது. நம் பதுளைப் பாதை? சென்னை–மதுரை ரயில் ஓடும் அதே 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை! பல்சக்கரம் கிடையாது. வழுவழுப்பான இரும்பின்மேல் இரும்பு, அவ்வளவுதான்!

அதில் பட்டிப்பொல நிலையம் 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம்! அங்கிருந்து பதுளைக்கு 70 கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டருக்கு மேல் இறக்கம்!

ரயில் பண்டாரவளைக்கு வந்தது 1894இல். பதுளைக்குப் போனது 1924இல். இடையில் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். பிடித்த காலம் 30 ஆண்டு!