சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு கல்லூரி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சோளக்காடுகள் சூழ்ந்த சிற்றூர் கிரினெல். 1846இல் தொடங்கப்பட்டு, இப்போது அங்கே இருக்கும் கிரினெல் கல்லூரியில் இன்றும் ஏறத்தாழ 1,700 மாணவர்கள்தான். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் பார்டீனோடு இந்தக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேலுக்குப் பழக்கம் இருந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் முன்பே கேல் அதைத் தம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ், 1968இல் கார்டன் மூருடன் சேர்ந்து இன்டெல்லைத் தொடங்கினார். (விருந்துக்காகப் பண்ணைப் பன்றியைத் திருடி, கல்லூரியிலிருந்து ஒரு பருவம் நீக்கப்பட்டவரும் இதே நாய்ஸ்தான்.)

கிரினெல் போன்ற 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரிகளின் பெயர்கள் நம் உறவினர் வட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. இவற்றில் பெரும்பாலும் இளநிலைப் படிப்பு மட்டுமே இருப்பதால், ஆராய்ச்சி மாணவர்களிடம் வகுப்பை ஒப்படைக்காமல் பேராசிரியரே பாடம் எடுக்கிறார். முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் சொன்னால் போதும். கிரினெலில் எல்லோருக்கும் கட்டாயமான பாடம் ஒன்றே ஒன்று: முதல் பருவத்தில் சிறு குழுவாக உட்கார்ந்து, வாசித்து, எழுதி, விவாதிக்கும் வகுப்பு.

பல குடும்பங்கள் பணத்தைப் பற்றிக் கடைசியில்தான் பேசுகின்றன. முதலில் பேச வேண்டியதே அதுதான். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து, முன்னணிக் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. முழுத்தொகையையும் எல்லோரும் கட்டுவதில்லை. ஆம்ஹர்ஸ்ட், போடின் போன்ற சில கல்லூரிகள், வெளிநாட்டு மாணவர் கேட்கும் உதவித்தொகையைப் பார்க்காமலே இடம் கொடுக்கின்றன. குடும்பத்தால் கட்ட முடியாததையும் தாங்களே ஏற்கின்றன. பெரும்பாலானவை அப்படியல்ல, உதவி கேட்பவருக்குப் போட்டி கூடுதல். இதற்குப் பயந்து, "உதவி வேண்டாம்" என்று எழுதிவிட்டுச் சேர்ந்தபின் கேட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவது ஆபத்து. சேரும்போது கேட்காத வெளிநாட்டவருக்குப் பிறகு தருவதில்லை என்பது பல கல்லூரிகளின் விதி.

'ஏர்லி டிசிஷன்' விண்ணப்பத்திலும் நிதானம் வேண்டும். இடம் கிடைத்தால் அங்கேதான் சேருவேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதால், நாலு கல்லூரிகள் தரும் தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வழியிருக்காது.

சேர்ந்தபின் வருவது வேறு பாடு. கானாவைச் சேர்ந்த கோஃபி அன்னான், 1959இல் மினசோட்டா மாநிலத்தின் மெக்காலெஸ்டர் கல்லூரிக்கு வந்தார். அந்த வளாகத்தில் 1950 முதலே ஐ.நா. கொடி பறந்துகொண்டிருந்தது. குளிருக்கு அடுக்கடுக்காக உடுத்தச் சம்மதித்தவர், காதுமூடி மட்டும் பார்க்கவே நன்றாயில்லை என்று ஒதுக்கிவிட்டார். ஒருநாள் சாப்பாடு வாங்க வெளியே போனவருக்குக் காது உறைந்தே போகும் நிலை. உடனே போய், கிடைத்ததிலேயே பெரிய காதுமூடியாக வாங்கிக்கொண்டார். உள்ளூர்க்காரர்களைவிட நமக்கு அதிகம் தெரியும் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு, ஐ.நா. பொதுச்செயலாளரான பின்னும் இந்தக் கதையைத்தான் சொல்வார்.

காதுக்கு மூடி வாங்கலாம், வாயைத் திறக்க என்ன செய்வது? பதினைந்து பேர் வகுப்பில் கடைசி பெஞ்சு கிடையாது. பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. பேராசிரியரின் அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்பதை அங்கே யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை, போகாமல் இருப்பதுதான் கவனிக்கப்படும். ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் கண்காணிப்பாளர் இல்லாமலே தேர்வு நடக்கிறது. அதே நம்பிக்கைக்கு மறுபக்கமும் உண்டு: பிறர் எழுதியதைப் பெயர் சொல்லாமல் கட்டுரையில் சேர்த்தால் விசாரணைவரை போகும். பாடப்புத்தக வரிகளை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

நவம்பரின் நான்காம் வியாழன், நன்றியறிதல் நாள். உள்ளூர் மாணவர்கள் வீட்டுக்குப் போய்விட, வளாகம் வெறிச்சோடும். விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா, சாப்பாட்டுக்கூடம் நடக்குமா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. வண்ணக் கையேடுகளில் இந்தத் தகவல் சாதாரணமாக இருப்பதில்லை.

எஃப்-1 விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். நூலகத்திலோ பாத்திரம் கழுவும் இடத்திலோ கிடைக்கும் சம்பளம் கைச்செலவுக்குக் காணும், கட்டணத்துக்குக் காணாது. பட்டம் பெற்றபின் துறை சார்ந்த வேலைக்கு 12 மாத அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டங்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். இரண்டாம் ஆண்டில் வரலாறா, கணிதமா என்று முடிவெடுக்கும் அமெரிக்க மாணவருக்கு இந்தக் கணக்கு கிடையாது.