சாவி கொடுத்தால் ராட்டை ஓடுமா?

சாவியை நாலு சுற்று முறுக்கிவிட்டால் மின்விசிறி மணிக்கணக்கில் சுழல்கிறது, தையல் மெஷின் தானாகத் தைக்கிறது. யூடியூபில் இப்படிப்பட்ட காணொளிகளுக்குப் பஞ்சமே இல்லை. பார்க்கிறவர்களுக்கு எழும் சந்தேகம் நியாயமானது: இது உண்மையென்றால் கடையில் ஏன் விற்கவில்லை?

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் உண்டு. பட்டு நெசவு இங்கே வீட்டுக்குள் நடக்கும் தொழில். ஒருவர் தறியில் உட்கார்ந்தால், ஊடைக்கு வேண்டிய தாரை, அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூல் குழலை, இன்னொருவர் சுற்றித் தர வேண்டும். ஒரு கை ராட்டையைச் சுற்றும், மறு கை நூல் அறாமல் பிடித்துக் கொடுக்கும். சுற்றுகிற கைக்கு ஓய்வு தர ஒரு சாவி மோட்டார் போதாதா? விடை தெரிய, முதலில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன?

ஸ்பிரிங் மோட்டாரின் உயிர், பட்டையான எஃகு நாடா ஒன்று. அதைச் சுருளாகச் சுற்றி ஒரு வட்டப் பெட்டிக்குள் அடைத்திருப்பார்கள். நாடாவின் ஒரு முனை நடு அச்சில் மாட்டியிருக்கும். மறு முனை பெட்டியின் உட்சுவரில். சாவியைத் திருப்பும்போது நாடா அச்சோடு இறுகுகிறது. பின்னோக்கி ஓடிவிடாமல் ஒரு பல்சக்கரமும் அதில் விழுந்து பிடிக்கும் சிறு நாக்கும் தடுக்கின்றன. சாவி கொடுக்கும்போது கேட்கும் 'டிக் டிக்' ஓசை அந்த நாக்கினுடையது.

முறுக்கு தளரும்போது நாடா விரிய முயல்கிறது. அந்த விசையை வரிசையான பல்சக்கரங்கள் வேகமான சுழற்சியாக மாற்றுகின்றன. இதில் ஒரு தொல்லை உண்டு. முழுதாக முறுக்கிய ஸ்பிரிங் வலுவாகத் தள்ளும். தளரத் தளர வலு குறையும். அதனால் வேகத்தைக் கட்டுக்குள் வைக்க 'கவர்னர்' என்ற பாகம் தேவைப்படுகிறது. கிராமபோனில் இது மூன்று சின்னக் குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும், அவற்றோடு இணைந்த தட்டு நகர்ந்து ஒரு தோல் அல்லது கம்பளித் துண்டில் உராயும், வேகம் குறையும். இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றில் நின்றது இந்த உராய்வால்தான்.

ஒரு கிலோ எஃகு எவ்வளவு தாங்கும்?

ஸ்பிரிங் எதையும் உற்பத்தி செய்வதில்லை. அது உண்டியல் மாதிரி: போட்டதைத்தான் எடுக்கலாம், வட்டி கிடையாது. சொல்லப்போனால் உராய்வில் கொஞ்சம் கழிந்தே திரும்பி வரும்.

உண்டியலின் கொள்ளளவும் சிறியது. நல்ல ஸ்பிரிங் எஃகை ஓரளவுக்கு மேல் வளைத்தால் அப்படியே மடங்கிப்போகும், அல்லது முறியும். அந்த எல்லைக்குள் நின்று கணக்கிட்டால், ஒரு கிலோ சுருளில் சுமார் 150 ஜூல் ஆற்றலைச் சேமிக்கலாம். உயர்தர எஃகில் இது இன்னும் சற்றுக் கூடும். 150 ஜூல் என்பது 15 கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்குவதற்கான ஆற்றல். அவ்வளவுதான்.

ஒரு வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல். ஆக, ஒரு வாட் கேட்கும் கருவியை ஒரு கிலோ ஸ்பிரிங் இரண்டரை நிமிடம் ஓட்டும். 30 வாட் கேட்டால் ஐந்தே விநாடி. ஸ்பிரிங் மோட்டார் எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பாட்டுப் பெட்டி வென்றது

சுவர்க்கடிகாரம் ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் கேட்காது. அதனால் ஒரு தடவை சாவி கொடுத்தால் வாரம் முழுக்க ஓடுகிறது.

அடுத்த வெற்றி கிராமபோன். அதைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரின் தொடக்க காலக் கருவிகளைக் கையால்தான் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் பாடகரின் சுருதியும் இறங்கும். அமெரிக்காவின் கேம்டனில் இயந்திரப் பட்டறை நடத்திய எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1896 வாக்கில் நம்பகமான ஸ்பிரிங் மோட்டாரைச் செய்து தந்த பிறகுதான் கிராமபோன் வீட்டுப் பொருளானது. 1902-இல் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து இந்தியக் குரல்களைப் பதிவு செய்தார். 1908-இல் அங்கே சியால்டாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை எழுந்தது. கே.பி.சுந்தராம்பாளும் எஸ்.ஜி.கிட்டப்பாவும் மின்கம்பம் எட்டாத ஊர்களிலும் ஒலித்தார்கள் என்றால், அதற்குப் பெட்டிக்குள் இருந்த எஃகுச் சுருளும் ஒரு காரணம்.

ஒரு சாதாரண கிராமபோன் ஸ்பிரிங் ஒரு அங்குல அகலம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன், மூன்று மீட்டருக்கு மேல் நீளம் என்ற அளவில் இருக்கும். எடை அரைக் கிலோ. கொள்ளளவு 75 ஜூல். தட்டில் ஊசி உரசும் தடையை வெல்லச் சில நூறு மில்லிவாட் போதும். கணக்குப் போட்டால் மூன்று நிமிடமும் சொச்சமும் வருகிறது. பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடும் நேரமும் அதுதான். பக்கத்துக்குப் பக்கம் சாவி கொடுத்ததன் ரகசியம் இதுவே.

தையல் மெஷின் தோற்றது

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தையல் மெஷினை ஸ்பிரிங்கில் ஓட்டும் திட்டங்களுக்கு அமெரிக்காவில் பல காப்புரிமைகள் வழங்கப்பட்டன. எதுவும் நிலைக்கவில்லை. தையல் மெஷினுக்கு 30 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 1,08,000 ஜூல் தேவை. அதற்கு 720 கிலோ ஸ்பிரிங் வேண்டும்! அதை முறுக்குவதும் நம் கைதான். கை சுமாராக 30 வாட் கொடுக்கும் என்றால், ஒரு மணி நேரம் தைக்க ஒரு மணி நேரம் முறுக்க வேண்டும். அதற்குக் காலால் மிதித்தே தைத்துவிடலாம். சிங்கரும் உஷாவும் மிதிகட்டையோடு வீடு வீடாக நுழைந்தது சும்மா இல்லை.

நூற்பிலும் நம்பியது கையையும் காலையும்தான். மேம்பட்ட ராட்டையைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அகில பாரத சர்க்கா சங்கம் 1929-இல் அறிவித்தது. அது கேட்டது கையாலோ காலாலோ இயங்கும் கருவியை. பரிசு யாருக்கும் போகவில்லை. பின்னாளில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் சர்க்கா என்ற ராட்டை, ஒரே கைச்சுற்றில் பல கதிர்களை ஓட்டியது. உழைப்பைச் சேமித்து வைக்க முயலாமல், அதே உழைப்புக்குக் கூடுதல் விளைச்சல் பார்த்த வழி அது.

ரேடியோ சொல்லும் பாடம்

1991-இல் பிரிட்டனைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர் ட்ரெவர் பெய்லிஸ், ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவுவது பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்தார். எச்சரிக்கைச் செய்தி மின்சாரமில்லாத கிராமங்களை எட்டவில்லை. ஸ்பிரிங்கால் சிறு ஜெனரேட்டரைச் சுழற்றும் ரேடியோவை அவர் வடிவமைத்தார். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் உற்பத்தி தொடங்கியது. அரை நிமிடம் முறுக்கினால் அரை மணி நேர அளவில் பாடியது. உலகமே பாராட்டிய கருவிதான். ஆனால் பிந்தைய மாடல்களில் ஸ்பிரிங் போய்விட்டது. கைப்பிடி மட்டும் இருந்தது; ஆற்றலைச் சேமிக்க ரீசார்ஜ் பேட்டரி வந்தது. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் சுமார் 150 வாட்-மணி, அதாவது 5,40,000 ஜூல் அடங்கும். ஸ்பிரிங்கைப் போல 3,600 மடங்கு.

இன்றும் எங்கே இருக்கிறது?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில், காலையில் கையால் தூக்கும் ரோலிங் ஷட்டரைக் கவனியுங்கள். மேலே குழாயில் சுருள் ஸ்பிரிங்குகள் இருக்கும். இரவு ஷட்டரை இழுத்து மூடும்போது இறங்கும் எடை அவற்றை முறுக்குகிறது. காலையில் அவை தூக்கிவிடுகின்றன. 60 கிலோ ஷட்டர் என்றால் சுமார் 700 ஜூல் கைமாறுகிறது. சில விநாடி வேலை, நாளுக்கு ஒரு தடவை. ஸ்பிரிங்குக்கு ஏற்ற உத்தியோகம்.

செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் திருப்பிவிடும் டைமரும் ஸ்பிரிங்கில் ஓடுவதே. துணியை அலசுவது மின்சாரம். நேரம் பார்ப்பது சுருள். தறியின் மேலே டிசைனுக்காக மாட்டும் ஜக்கார்டு பெட்டியிலும் ஊசிகளைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுவது சிறு ஸ்பிரிங்குகள்தான். பாவு இழைகளைத் தூக்கும் பாரம் நெசவாளியின் காலுக்கு.

ராட்டைக்கு என்ன வழி?

தார் சுற்ற 10 வாட் போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஸ்பிரிங் 15 விநாடியில் ஓய்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு 240 கிலோ வேண்டும். அதே ஒரு கிலோ எடையுள்ள லித்தியம் பேட்டரியும் சிறு மோட்டாரும், பாதி ஆற்றல் வீணானால்கூட, ஏழு மணி நேரம் தாங்கும். பகலில் சார்ஜ் ஏற்ற ஒரு சிறு சோலார் தகடு போதும். மின்சாரமே வேண்டாம் என்பவர்களுக்கு ராட்டையைக் காலால் மிதிக்கும்படி மாற்றுவது நல்லது. நூலைப் பிடிக்க இரண்டு கையும் மிஞ்சும்.

அடுத்த முறை யாராவது சாவி மோட்டார் விற்க வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள்: எத்தனை வாட், எத்தனை விநாடி, ஸ்பிரிங் எத்தனை கிலோ? வாட்டை விநாடியால் பெருக்கி 150-ஆல் வகுத்தால் வேண்டிய எடை வந்துவிடும். அவர் சொல்லும் எடை அதைவிட மிகக் குறைவாக இருந்தால், மேஜைக்கு அடியில் எங்கோ ஒரு வயர் ஓடுகிறது என்று அர்த்தம்.