காலி அலுவலகங்களை வீடாக்கும் கல்கரி

கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் உள்ள கல்கரி, எண்ணெய்ப் பணத்தில் உயர்ந்த நகரம். அதன் மையப் பகுதியில் நெருக்கி நிற்கும் கோபுரங்களில் பல, எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் அலுவலகங்களுக்காகவே எழுந்தவை. 2014 நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. மாடி மாடியாகக் காலி செய்தன. பின்னர் கொரோனாவும் சேர்ந்துகொள்ள, மையப் பகுதி அலுவலக இடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆளில்லாமல் கிடந்தது.

கட்டட முதலாளிகளின் நஷ்டத்தோடு இது நின்றுவிடவில்லை. கோபுரங்களின் மதிப்பு சரியச் சரிய, அவை கட்டிவந்த சொத்து வரியும் குறைந்தது. அந்தப் பாரம் நகரின் மற்ற பகுதிகளில் இருந்த சிறு கடைகள், பட்டறைகள், உணவகங்கள் மேல் இறங்கியது. 2019-ல் வரி ரசீதைப் பார்த்துக் கொதித்துப்போன சிறு வியாபாரிகள் நகர மன்றத்தின் முன் திரண்டார்கள். தனியாரின் காலிக் கட்டடத்தை வீடாக்கப் பொதுப்பணம் ஏன் என்ற கேள்விக்கு கல்கரியில் கிடைத்த பதில் இதுதான்: கட்டடம் சும்மா கிடந்தாலும் அதற்கான விலையை ஊர்தான் கொடுத்துக்கொண்டிருந்தது.

2021-ல் நகர நிர்வாகம் மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வீடாக மாற்றப்படும் அலுவலக இடத்துக்குச் சதுர அடிக்கு 75 கனடிய டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. ஒரு லட்சம் சதுர அடிக் கட்டடம் என்றால் 75 லட்சம் டாலர். 2031-க்குள் 60 லட்சம் சதுர அடி அலுவலக இடத்தைச் சந்தையிலிருந்து குறைப்பது இலக்கு. பணம் முன்கூட்டியே கைக்கு வராது. வேலை முடிந்த பிறகே வரும். பாதியில் நிற்கும் கட்டடத்துக்கு மக்கள் பணம் போகாமல் காத்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் வேலை முடியும்வரை வங்கிக் கடனில் தாக்குப்பிடிக்க வசதி உள்ளவர்களுக்கே இது எளிது என்பதையும் சொல்ல வேண்டும்.

மானியம் ஏன் தேவைப்படுகிறது என்பது கட்டடத்துக்குள் போனால் புரியும். அலுவலகத்தில் கழிப்பறைகள் எல்லாம் நடுவில், மின்தூக்கியை ஒட்டி இருக்கும். வீடு என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையலறை, தனிக் குளியலறை வேண்டும். அதற்குக் கான்கிரீட் தளத்தை இடம் இடமாகத் துளையிட்டுக் கழிவுநீர்க் குழாய் இறக்க வேண்டும். மின் இணைப்பையும் காற்றோட்டத்தையும் வீடு வீடாகப் பிரிக்க வேண்டும். பழைய அலுவலகச் சன்னல்கள் பெரும்பாலும் திறக்காதவை. மைனஸ் 30 டிகிரிக் குளிர் அடிக்கும் ஊரில் வெளிச்சுவர்க் கண்ணாடியையே புதுப்பிக்க வேண்டியும் வரலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் வெளிச்சம். அகலமான தளத்தின் நடுப்பகுதிக்கு வெயில் எட்டாது. அங்கே படுக்கையறை வைக்க முடியாது. அதனால் தளம் குறுகலாக உள்ள பழைய, நடுத்தரக் கோபுரங்களே வீடாக்க வாகானவை. பளபளக்கும் புதிய கோபுரங்கள் பல இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

கல்கரியின் மானியத் திட்டத்தில் முதலில் முடிந்த ‘கார்னர்ஸ்டோன்’ கட்டடத்தில் 112 வீடுகள் உள்ளன. சியரா பிளேஸ் என்ற இன்னொரு அலுவலகக் கட்டடம், அரசு நிதியின் துணையுடன் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான 82 வீடுகளாக மாறி, ‘நியோமா’ என்று பெயர் பெற்றது. எண்ணெய்க் காலத்தின் தொடக்கத்தில், 1951-ல் எழுந்த பேரன் கட்டடமும் குடியிருப்பாக மாற நகரத்தின் உதவியைப் பெற்றது.

உதவி எந்த வடிவில் வருகிறது, என்ன நிபந்தனையோடு வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கிலாந்து 2013-ல் பணம் தராமல் விதியைத் தளர்த்தியது. முழுத் திட்ட அனுமதி இல்லாமலே அலுவலகத்தை வீடாக்கலாம் என்றது. வீடுகள் வேகமாகப் பெருகின. கூடவே தீப்பெட்டி போன்ற அறைகளும், சன்னலே இல்லாத வீடுகளும் வந்தன. அரசுக்காக 2020-ல் நடந்த ஆய்வில், இப்படி உருவான வீடுகளில் சுமார் 22 சதவீதம் மட்டுமே தேசிய இட அளவை எட்டியிருந்தன. அதன் பிறகே இயற்கை வெளிச்சமும், 2021 முதல் குறைந்தபட்ச இட அளவும் கட்டாயமாயின. நெருக்கடியான அந்த அறைகளில் குழந்தைகளோடு குடியேறிய குடும்பங்களுக்கு அந்தத் திருத்தம் காலங்கடந்தது.

கல்கரியின் குறை வேறு வகை. அங்கே முதன்மை நோக்கம் காலி இடத்தைக் குறைப்பதாக இருந்ததால், சதுர அடிக் கணக்கில் தரும் மானியத்தோடு குறைந்த வாடகை என்ற கட்டாயம் பிணைக்கப்படவில்லை. நியூயார்க் 2024-ல் கொண்டுவந்த வரிச்சலுகை அந்த இடத்தில் கறாராக இருக்கிறது: நீண்ட காலச் சொத்து வரிச்சலுகை வேண்டுமானால், மாற்றப்படும் வீடுகளில் நான்கில் ஒரு பங்கு கட்டுப்படியான வாடகைக்குப் போக வேண்டும். மன்ஹாட்டனில் 25, வாட்டர் ஸ்ட்ரீட்டில் உள்ள பழைய அலுவலகக் கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்காக இரண்டு முற்றங்களை வெட்டித் திறந்தார்கள். இழந்த இடத்துக்கு ஈடாக மேலே 10 மாடிகளை ஏற்றினார்கள். அங்கே உருவான சுமார் 1,300 வீடுகளுக்கும் இதே கால்பங்கு நிபந்தனை பொருந்துகிறது.