சாக்பீஸ் கோட்டுக்குள் ஒரு காதலி!

நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே மூணு மாசம் இடைவெளி விழுந்தாலே நம்ம ஆபீஸ் பிரம்மச்சாரிகள் படுகிற பாடு இருக்கே... காலண்டரே கிழிந்துவிடும்! பெர்லினில் ஒருத்தர் இரண்டு வருஷத்துக்கு மேல் நாள் எண்ணினார். அதுவும் சிறைக்குள்.

டீட்ரிக் போன்ஹோஃபர். ஹிட்லரை எதிர்த்த பாஸ்டர். 1943 ஜனவரியில், 36 வயதில், மரியா என்கிற 18 வயசுப் பெண்ணோடு கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டில் அப்போதே துக்கம். முந்தின வருஷம்தான் மரியாவின் அப்பாவும் அண்ணனும் ரஷ்யப் போர்முனையில் அடுத்தடுத்துப் பலியாகியிருந்தார்கள். ஏப்ரல் 5-ம் தேதி மாப்பிள்ளையையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். டேகல் ராணுவச் சிறை, அறை எண் 92.

மரியா என்ன செய்தார் தெரியுமோ? தன் ரூமில் கட்டிலைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். கிட்டத்தட்ட அவருடைய அறையின் சைஸ். அதற்குள் உட்கார்ந்தால் அவரோடு இருக்கிற மாதிரி! அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பெரிய மரம் ஒன்றையும் சிறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். 'கட்டிலை வெளியே போட்டால்தான் மரத்துக்கு இடம், பண்டிகை முழுக்க நான் நிற்க வேண்டியதுதான்' என்கிற ரீதியில் ஜோக்கடித்தார் மாப்பிள்ளை. மரம் காவலர்கள் ரூமுக்குப் போனது.

ஜோக்கடித்த அதே மாசம் பிரிவைப் பற்றியும் நண்பருக்கு எழுதினார். துக்க வீட்டில் நாம் என்ன சொல்வோம்? 'காலம் ஆத்திடும்ப்பா... அந்த இடத்தைக் கடவுள் நிரப்புவார்!' பாஸ்டரான அவரே இதை ஒத்துக்கொள்ளவில்லை. பிரியமானவர் இல்லாத இடத்தைக் கடவுள் நிரப்புவதில்லை, காலியாகவே காத்து வைக்கிறார், வலித்தாலும் அதனால்தான் உறவு அறுந்துபோகாமல் இருக்கிறது என்பது அவர் கட்சி. எத்தனையோ துக்க வீடுகளில் எத்தனையோ ஆறுதல் வார்த்தைகள் என் காதில் விழுந்திருக்கின்றன. இவ்வளவு நேர்மையாக ஒன்றுகூடக் கேட்டதில்லை.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் இல்லை. சிறைக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். உள்ளே இருப்பவன் நம்பிக்கையோடு எதையாவது செய்துகொண்டிருக்கணும். கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கிற அட்வென்ட் காலமும் இதேதான் என்றார். தங்கள் கல்யாணம் கடவுளின் இந்தப் பூமிக்குச் சொல்கிற சம்மதம் என்று மரியாவுக்கு எழுதினார். மேலே பார்த்துக்கொண்டு தரையை மறக்கிற பக்தி அவருக்குப் பிடிக்காது.

1945 பிப்ரவரியில் அவரை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். மரியா உடைகளை எடுத்துக்கொண்டு ஃப்ளாஸன்பர்க் முகாமுக்குப் போனார். கடைசி சில கிலோமீட்டர் நடை. ஆள் இங்கே இல்லை என்றார்கள். நிஜம்தான், அப்போது இல்லை. ஏப்ரல் 9-ம் தேதி விடிகாலை அதே முகாமில்தான் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஹிட்லர் தற்கொலை செய்துகொள்ள மூணே வாரம் பாக்கி.

மரியாவுக்குத் தகவல் கிடைத்தது ஜூன் மாசம். நடுவில் இரண்டு மாசம், இல்லாத ஒருத்தருக்காகக் காத்திருந்திருக்கிறார்!

பிறகு கணிதம் படித்தார். அமெரிக்கா போய் கம்ப்யூட்டர் துறையில் பெரிய பொறுப்புக்கு வந்தார். இரண்டு கல்யாணம், இரண்டும் நிலைக்கவில்லை. அந்தக் கடிதங்களை மட்டும் பத்திரமாக வைத்திருந்து, 1977-ல் இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அக்காவிடம் ஒப்படைத்தார். 1992-ல் புத்தகமாக வந்தது. ஜெர்மன் தலைப்பிலும் அறை எண் 92 இருக்கிறது.