வேலை போனது, விளையாட்டு பிறந்தது!

இங்கிலீஷில் "லெமன்" என்றால் எலுமிச்சம்பழம். "மெலன்" என்றால் முலாம்பழம்.

இரண்டும் வேறு வேறு பழங்கள். ஆனால் இரண்டு சொற்களிலும் இருப்பது அதே ஐந்து எழுத்துக்கள்தான்! எல், இ, எம், ஓ, என். முதல் எழுத்தும் மூன்றாவது எழுத்தும் இடம் மாறுகின்றன. எலுமிச்சை முலாம்பழம் ஆகிவிடுகிறது!

இப்படிக் கலைந்து கிடக்கும் எழுத்துக்களில் ஒளிந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. அதன் பெயர் "ஸ்கிராபிள்." உலகம் முழுவதும் ஆடப்படும் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர், வேலை இழந்து வீட்டில் இருந்த ஒரு மனிதர்.

எழுத்தை எண்ணினார்

அவர் பெயர் ஆல்பிரட் பட்ஸ். அமெரிக்காவில் நியூயார்க் நகரில் வசித்தவர். கட்டிடங்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது அவர் தொழில்.

1930-ம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் பெரும் வியாபார மந்தம் வந்தது. புதுக் கட்டிடம் கட்டுவார் இல்லை. 1931-ல் பட்சுக்கு வேலை போயிற்று.

சும்மா இருக்க அவருக்கு மனம் வரவில்லை. "சொற்களை வைத்து ஒரு விளையாட்டு செய்தால் என்ன?" என்று யோசித்தார்.

அதற்கு எந்த எழுத்து எத்தனை தேவை? அதைக் கண்டுபிடிக்கப் பத்திரிகையை எடுத்தார். செய்தி படிக்க அல்ல, எழுத்துக்களை எண்ண!

ஒவ்வொரு பக்கத்திலும் "ஏ" எத்தனை, "இ" எத்தனை என்று பொறுமையாக எண்ணிக் குறித்தார். "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையின் பக்கங்கள் இப்படிக் கணக்கில் ஏறின.

எல்லா எழுத்துக்களையும் விட அதிகமாக வந்தது "இ." மிக அரிதாக வந்தவை "கியூ," "இசட்" போன்றவை.

நூறு மரத் துண்டுகள்

இந்தக் கணக்கைக் கொண்டு 100 சிறு மரத் துண்டுகள் செய்தார். 98 துண்டுகளில் எழுத்து இருக்கும். இரண்டு வெறுந் துண்டுகள். வெறுந் துண்டை எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம்.

"இ" மட்டும் 12 துண்டுகள். அதை வைத்தால் ஒரே புள்ளி. "கியூ" ஒன்றுதான். அதை வைத்துச் சொல் அமைப்பது கஷ்டம். ஆகவே அதற்கு 10 புள்ளிகள்.

"எஸ்" எழுத்தில் ஒரு தந்திரம் செய்தார். இங்கிலீஷில் பல சொற்களின் கடைசியில் "எஸ்" சேர்த்தால் ஒருமை பன்மை ஆகிவிடும். அதை நிறையக் கொடுத்தால் ஆட்டம் மிகச் சுலபமாகிவிடும் அல்லவா? அதனால் நான்கே நான்கு கொடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், பட்சுக்கே ஸ்பெல்லிங் அவ்வளவாக வராது! அவர் மனைவி நீனா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஆட்டத்தில் கணவரைத் தோற்கடிப்பார்.

யாரும் வாங்கவில்லை

பட்ஸ் தமது விளையாட்டைக் கம்பெனிகளுக்கு அனுப்பினார். "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெயரை மாற்றிப் பார்த்தார். கட்டம் போட்ட அட்டை சேர்த்தார். அப்போதும் யாரும் ஏற்கவில்லை. பிறகு வேலை மறுபடி கிடைத்தது. ஆனால் விளையாட்டை அவர் விட்டுவிடவில்லை. தாமே செய்து நண்பர்களுக்குக் கொடுத்து வந்தார்.

1948-ல் ஜேம்ஸ் புரூனோட் என்பவர் அதைத் தயாரிக்க முன்வந்தார். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்சுக்கு ஒரு தொகை என்று ஏற்பாடு. "ஸ்கிராபிள்" என்று பெயர் வைத்தவர் புரூனோட்தான். கையால் துழாவித் தேடுவது என்று அதற்கு அர்த்தம்.

1949-ல் 2,400 பெட்டிகள் செய்தார். லாபம் இல்லை, 450 டாலர் நஷ்டம்! 1952-ல் அதிர்ஷ்டம் திரும்பியது. பெரிய கடைகள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கின. லட்சக்கணக்கில் விற்றது. பட்ஸ் ஒன்றைச் செய்து இருபது ஆண்டுகள் காத்திருந்த பிறகு வந்த வெற்றி இது.

சொல்லைப் பிடிப்பது எப்படி?

ஸ்கிராபிள் ஆடுபவர் கையில் ஒரு சமயத்தில் ஏழு எழுத்துக்கள் இருக்கும். ஏழும் வேறு வேறாக இருந்தால் அவற்றை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பொழுது விடிந்துவிடும்!

அதற்கு வழி இருக்கிறது. சொல்லின் கடைசியில் அடிக்கடி வரும் எழுத்துக்களை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

உதாரணமாக, இ, ஜி, ஐ, என், ஆர், எஸ் என்ற ஆறு எழுத்துக்கள் கிடைத்தன. இதில் "இ, ஆர்" இரண்டையும் கடைசிக்குத் தள்ளுங்கள். மீதி நான்கைக் கூட்டினால் "சிங்." அதாவது, பாடு. முழுதும் சேர்ந்தால் "சிங்கர்." பாடகர்!

இன்னும் தேடுங்கள். அதே ஆறு எழுத்துக்களில் "ரிசைன்" என்ற சொல்லும் இருக்கிறது. ராஜினாமா செய்!

மற்றொரு வழி, எழுத்துக்களை அகர வரிசையில் அடுக்குவது. "லெமன்" என்பதை அடுக்கினால் இ, எல், எம், என், ஓ. "மெலன்" என்பதை அடுக்கினாலும் அதேதான். ஆகவே இந்த ஒரு வரிசையை நினைவில் வைத்தால் இரண்டு சொற்களும் வந்துவிடும். கம்ப்யூட்டரைக் கொண்டு சொல் தேடவும் இந்த முறை பயன்படுகிறது.

பாஷை தெரியாத சாம்பியன்

இதில் ஓர் அதிசய மனிதர் உண்டு. நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ். 2015-ல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! சில வாரங்களில் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போனார். 2024-ல் ஸ்பானிஷ் பாஷையிலும் இப்படியே ஜெயித்தார்.

சாம்பியனுக்கு நினைவாற்றல் செல்வம். ஆனால் நமக்கு, ஒரு புதுச் சொல் கிடைத்தால் அதன் அர்த்தமும் கூடவே கிடைப்பது அல்லவா லாபம்?

மூன்று பங்கு

பட்ஸ் 1993-ல், 93-வது வயதில் காலமானார். விளையாட்டால் வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போயிற்று என்றும், ஒரு பங்கைத் தானம் செய்ததாகவும், மீதியில் சுகமாக வாழ்ந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். பழைய பத்திரிகையில் எழுத்து எண்ணியவருக்குக் கிடைத்த கூலி அது.

நீங்களும் இன்று ஒன்று செய்து பாருங்கள். அட்டையை வெட்டி ஓ, சி, இ, ஏ, என் என்று ஐந்து எழுத்துக்களை எழுதுங்கள். இந்த வரிசையில் அது "ஓஷன்." பெருங்கடல். எழுத்துக்களை மாற்றி அடுக்கினால் தண்ணீரில் மிதக்கும் ஒரு பொருள் கிடைக்கும். குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தேடுங்கள்.

கிடைத்ததா?

சி, ஏ, என், ஓ, இ. "கனூ." அதாவது, தோணி!