அக்னி நட்சத்திரத்திலும் உருகாத 'வெண்ணெய்'!

சித்ரா பௌர்ணமி என்றால் எங்கள் திருவண்ணாமலையில் எள் போட இடம் இருக்காது. 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றிய பெண்கள் மறுநாள் சொல்வது, ''குதிகால் பாளம் பாளமா வெடிச்சுடுச்சு!'' என்பதுதான். என் மாமியாரும் அப்படித்தான். அவருக்குச் சர்க்கரை வேறு. வெடிப்பில் கிருமி புகுந்தால் புண் லேசில் ஆறாது. ''இந்த மாசம் வேண்டாம் அத்தை'' என்றால் கேட்கவா போகிறார்?

இப்போது 'பாடி பட்டர்' என்று டப்பாவில் விற்கிறார்கள். வீட்டிலும் பலர் செய்கிறார்கள். நம் ஊர் வெயிலில் அது எண்ணெயாகி மூடி வழியே ஒழுகிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகும். கோகோ வெண்ணெய்கூட 38 டிகிரியைத் தாண்டாது. நுரைக்கக் கடைந்து வைத்தாலும், கொழுப்பு இளகியதும் உள்ளே இருக்கும் காற்று போய் டப்பா பாதியாகிவிடும்.

இதற்கு வழி தேன் மெழுகு. அது 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் மாவட்டத்து ஜவ்வாது மலையில் தேன் எடுக்கிறார்களே, அந்த அடையை உருக்கி வடிகட்டினால் கிடைப்பதுதான். மெழுகுவர்த்தி மெழுகை வாங்கிவிடாதீர்கள், அது வேறு.

தேவை: தேங்காய் எண்ணெய் 80 கிராம், சீவிய தேன் மெழுகு 20 கிராம், பிசுபிசுப்புக் குறைய கூவைக்கிழங்கு மாவு 1 டீஸ்பூன்.

செய்முறை: அகலப் பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்கட்டும். அதற்குள் ஈரமில்லாத கிண்ணத்தை வைத்து எண்ணெயையும் மெழுகையும் உருக்குங்கள். நேரே அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. உருகியதும் ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு ஆறவிட்டுப் பாருங்கள். கல்லாக இருந்தால் கொஞ்சம் எண்ணெய், தளர்ந்திருந்தால் கொஞ்சம் மெழுகு சேருங்கள். இறக்கி, மாவைத் தூவிக் கலக்கி, உலர்ந்த டப்பாவில் ஊற்றுங்கள். கற்றாழைச் சாறு, பன்னீர் எதுவும் வேண்டாம். தண்ணீர் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். ஈரக் கையால் எடுக்கவும் கூடாது.

இரவில் காலைக் கழுவி, ஒற்றித் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே குதிகாலில் தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தோலின் ஈரம் வெளியே போகாமல் காக்கும். நடக்கப் போகும் முன் தடவினால் வழுக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள் விரல் இடுக்கில் தடவக் கூடாது. ஈரம் தங்கினால் அங்கே புண்ணாகும். ரத்தம், சீழ், வீக்கம் தெரிந்தால் இந்த வெண்ணெய் வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள். அவர்களுக்குக் காலில் வலியே தெரியாமல் போகலாம். அதனால் தோழியரே, வீட்டுப் பெரியவர்களின் பாதத்தைத் தினமும் ஒருமுறை நாம்தான் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும்.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை